வீட்டு ரீலோடிங் மேசை: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

டெக்சாஸில் 1,000 கஜத் தூர இலக்குப் போட்டிகளில் கலந்துகொள்வதற்காக, 6.5 கிரீட்மோர் என்ற ரைபிள் ரகத் தோட்டாக்களை, சுட்ட பித்தளைக் கூட்டில் புதுப் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை மறுபடி வைக்கும் ரீலோடிங் முறையில், ஒன்பது ஆண்டுகளாக வீட்டின் கார் கொட்டகையிலேயே தயாரித்து வருகிறேன். ஆண்டுக்குச் சுமார் 1,500 தோட்டாக்கள் செலவாகின்றன. கடைத் தோட்டாவைவிடச் செலவு குறையும் என்ற கணக்கில்தான் தொடங்கினேன். கருவிகளுக்குக் கொடுத்த பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு எப்போதோ பொய்த்துவிட்டது. கையில் மிஞ்சியது, ஒவ்வொரு தோட்டாவும் ஒரே மாதிரி இருக்கும் சீர்மை ஒன்றுதான்.

சீர்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். இந்த ரகத்தில் முகவாய் வேகம் (குண்டு குழலைவிட்டு வெளிவரும் வேகம்) நொடிக்கு முப்பது அடி மாறினால், 1,000 கஜத்தில் குண்டு விழும் உயரம் ஏறத்தாழ ஒன்பது அங்குலம் மாறும். எஃப் கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே பத்து அங்குலம்தான்.

முதலில் வாங்கியது, கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு முழுத் தோட்டாவைத் தரும் புரொகிரசிவ் பிரஸ். மணிக்கு முந்நூறு தோட்டாக்கள் சுலபமாக வந்தன. ஆனால் அதிலுள்ள அளவி வெடிமருந்தை எடைபோடுவதில்லை, கொள்ளளவால் அளக்கிறது. குச்சி குச்சியாக வெட்டப்பட்ட ரைபிள் மருந்து அதன் கழுத்தில் குறுக்கே சிக்கிக்கொண்டு ஒரு கூட்டில் குறைவாகவும் அடுத்ததில் அதிகமாகவும் விழுந்ததை, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வேகங்கள் நாற்பது அடிக்கும் மேல் சிதறிய பிறகே புரிந்துகொண்டேன். உருண்டை மருந்துக்கு மாறியிருக்கலாம். ஆனால் நான் விரும்பிய மருந்து வெயிலுக்கும் குளிருக்கும் அதிகம் அசையாதது என்பதால் அதை விட மனம் வரவில்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது, கூட்டை அளவுக்குக் கொண்டுவருவது போன்ற சலிப்பூட்டும் பணிகளைப் புரொகிரசிவ் பிரஸ்ஸிடம் விட்டேன். மருந்து நிரப்புவதும் குண்டைப் பொருத்துவதும் மட்டும், மில்லிகிராம் வரை காட்டும் மின்தராசுக்கு அருகே இருக்கும், ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும் ஒற்றை நிலை பிரஸ்ஸில் நடக்கின்றன. மணிக்கு நூறுதான் முடிகிறது. வேகச் சிதறலோ ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. அந்தத் தராசு கொட்டகையின் ஏசி காற்றுக்கும், இயக்கியவுடன் உள்ள குளிர்ச்சிக்கும் கோபித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் முன்னதாகவே இயக்கிவைத்தால்தான் சுழியத்தில் நிற்கிறது.

தராசுக்கு அடுத்தபடியாக, பித்தளைக் கூட்டைத்தான் சொல்வேன். ஃபின்லாந்தின் லபுவா கூடுகள் விலை அதிகம் என்று இரண்டு ஆண்டுகள் தயங்கினேன், அது என் தவறு. கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை), என் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் அளவிலிருந்து ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளுகிறேன். அதற்கு மேல் தள்ளினால் அடிப்பகுதிக்கு அருகே பித்தளை நீண்டு மெலிந்து, கூடு சில சுற்றுகளில் பிளந்துவிடும். துப்பாக்கியில் சுடும் ஒவ்வொரு முறையும் கழுத்து இறுகி, குண்டைப் பிடிக்கும் வலிமை கூட்டுக்குக் கூடு மாறுவதால், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அதைச் சூடேற்றி மென்மையாக்குகிறேன். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு விலையுயர்ந்த தராசு வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் நேர்ந்த ஒன்றையும் மறைக்கக் கூடாது. தொலைபேசி அழைப்புக்காக எழுந்து சென்று திரும்பியபோது, தட்டில் ஒரு கூடு மருந்தில்லாமலே நின்றது. குண்டை வைப்பதற்குமுன் பார்த்துவிட்டேன். அன்று முதல், ஐம்பது கூடுகளையும் தட்டில் நிறுத்திக் கைவிளக்கால் ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்காமல் ஒரு குண்டும் வைப்பதில்லை. கைபேசி வீட்டுக்குள்ளேயே கிடக்கும்.

2020, 2021இல் பிரைமர் கிடைக்காமல் அனைவரும் திண்டாடியதிலிருந்து, ஒரே தயாரிப்புத் தொகுதியாக மொத்தமாக வாங்குகிறேன். தொகுதி மாறினால் மருந்தளவைக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடியும் சோதிக்க வேண்டும். நடுவில் மாற்றிப் போடுவது ஆபத்து.

நண்பர்கள் பணம் தருவதாகச் சொல்லிக் கேட்பதுண்டு. சொந்தப் பயனுக்குத் தயாரிக்கக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பனைக்காகத் தயாரிப்பதென்றால் தேவை. தவிரவும் இவை என் துப்பாக்கியின் அறையை அளந்து செய்தவை. கொடுப்பதில்லை.