க்ரூகர் பூங்காவுக்குள் அறை என்று சொல்லி ஆற்றின் இக்கரையில் தங்க வைத்த முகவர்: ஓர் எச்சரிக்கை

தென் ஆப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தங்கும் முகாம் ஒன்றில் மூன்று இரவுகளுக்கு இரண்டு குடில்கள் பதிவு செய்து தருவதாகச் சொன்ன பயண முகவர் ஒருவரிடம், சென்ற டிசம்பர் பயணத்துக்காக 21,600 ராண்டைக் கொடுத்து ஏமாந்தேன். அவர் மீது கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே வெளியிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையை ஒளிக்காமல் எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே அவருடைய விளம்பரம் வந்தது என்பதால், ஜொஹானஸ்பர்கிலும் பிரிட்டோரியாவிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் அது வந்திருக்கக்கூடும்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக வந்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் அதே பூங்காவின் சட்டாரா முகாமில் ஓர் இரவு தங்கி, கம்பிவேலிக்கு அப்பால் கழுதைப்புலி ஊளையிடுவதைக் கேட்டுக்கொண்டே இரவு உணவைச் சாப்பிட்டிருக்கிறோம். பெற்றோருக்கும் அந்த அனுபவம் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். சாபி ஆற்றின் கரையிலேயே இருப்பதாலும், உணவகத்தின் முற்றத்தில் உட்கார்ந்தபடியே நீர்யானைகளைப் பார்க்கலாம் என்பதாலும், முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு லோயர் சாபி முகாம்தான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். பூங்காவை நடத்தும் சான்பார்க்ஸ் நிறுவனம் பதினொரு மாதங்களுக்கு முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அக்டோபரில் இடம் தேடத் தொடங்கிய எனக்கு எந்தத் தேதியிலும் இடம் இல்லை. அந்தத் தாமதம் என் தவறுதான்.

அந்த நேரத்தில்தான் முகவரின் விளம்பரம் கண்ணில் பட்டது. கூரை வேய்ந்த வட்டக் குடில்கள், ஆற்றில் நீர்யானை, முற்றத்தில் விளக்கொளி என்று படங்கள் எல்லாம் நான் தேடிய முகாமுடையவை. தொலைபேசியில் பேசியபோது, நிறுவனங்கள் மொத்தமாகப் பிடித்து வைத்துப் பிறகு கைவிடும் அறைகள் தன்னிடம் வரும் என்றார். பூங்கா நுழைவுக் கட்டணமும் தொகைக்குள் அடங்கும் என்றார். பாதிப் பணத்தை உடனே அனுப்பினேன், மீதியைப் பயணத்துக்குப் பத்து நாட்கள் முன்பு அனுப்பினேன். பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு என்பது அப்போதே உறுத்தியது. குழுவில் இருவர் அவரைப் புகழ்ந்து எழுதியிருந்ததால் அந்த உறுத்தலை நானே அடக்கிக்கொண்டேன்.

அதிகாலையில் புறப்பட்டு, என்4 நெடுஞ்சாலையில் நான்கு சுங்கச் சாவடிகளைக் கடந்து, வழியில் நிறுத்தி நிறுத்திப் போய், பிற்பகல் நான்கு மணி அளவில் குரோக்கடைல் பிரிட்ஜ் நுழைவாயிலை அடைந்தோம். அங்கிருந்து லோயர் சாபிக்கு 34 கிலோமீட்டர். பூங்காவுக்குள் தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் வேக வரம்பு, டிசம்பரில் மாலை 6.30க்கு முகாம் கதவுகள் மூடப்படும் என்பதையெல்லாம் கணக்குப் பார்த்து, நேரம் தாராளமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அலுவலர், முகவர் எங்களுக்கு அனுப்பியிருந்த வவுச்சரை வாங்கி, எண்ணைக் கணினியில் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, என் கடவுச்சீட்டு எண்ணைக் கேட்டார். பிறகு முகாமுக்கே தொலைபேசியில் பேசினார். எங்கள் பெயரில் எதுவும் இல்லை. வவுச்சரை என் பக்கம் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்தது போல் அச்சாகியிருந்த ஒரு வரியின் கீழ் விரல் நகத்தை வைத்தார். "அல்லது அதற்கு இணையான, க்ரூகர் பகுதியிலுள்ள தங்குமிடம்" என்று அங்கே இருந்தது. தலைப்பில் லோயர் சாபியின் பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்த மகிழ்ச்சியில் நான் அதுவரை கீழே போகவே இல்லை.

முகவரைத் தொலைபேசியில் பிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. சிறிதும் பதற்றமில்லாமல், "முகாமில் கடைசி நேரத்தில் பிரச்சினை, அதைவிட நல்ல இடம் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லி ஒரு வரைபட இணைப்பை அனுப்பினார். வந்த பாலத்திலேயே திரும்பி, குரோக்கடைல் ஆற்றைக் கடந்து, பூங்காவுக்கு வெளியே மார்லோத் பார்க் என்ற குடியிருப்பு ஊரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் வீட்டின் மீது குறை ஒன்றுமில்லை. அந்த ஊரில் வரிக்குதிரையும் கூடு எனப்படும் பெரிய வகை மானும் வீட்டு முற்றம் வரை வருகின்றன. அம்மாவுக்கு அது பிடித்தும் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒளிவுமறைவு இல்லாமல் தன் பதிவேட்டைக் காட்டினார். முழு வீட்டுக்கும் ஓர் இரவுக்கு 1,400 ராண்ட்; பதிவு செய்யப்பட்ட நாள், நான் மீதித் தொகையை அனுப்பியதற்கு மறுநாள். 4,200 ராண்ட் வீட்டுக்கு 21,600 ராண்ட் வாங்கியிருக்கிறார் என்பதைவிட, லோயர் சாபியில் இடம் பிடிக்க அவர் முயன்றதாகவே ஒரு தடயமும் இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

அன்று மாலை அப்பா தொலைநோக்கியோடு ஆற்றோரப் பார்வை மேடையில் நெடுநேரம் நின்றார். நாணலுக்கு நடுவே மூன்று யானைகள் நீர் குடித்துக்கொண்டிருந்தன. இடையில் ஆறும், எங்கள் பக்கத்தில் கம்பிவேலியும். "ஏம்ப்பா, அப்போ பூங்கா அந்தக் கரையில்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

ஓர் ஆற்றின் அகலம்தானே வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்காக அடுத்த மூன்று நாட்களைச் சொல்கிறேன். டிசம்பரில் முகாமுக்குள் இருப்பவர்களுக்குக் கதவு காலை 4.30க்குத் திறக்கிறது, வெளியிலிருந்து வருபவர்களுக்கு நுழைவாயில் 5.30க்குத்தான் திறக்கிறது. விலங்குகள் நடமாடும் முதல் மணி நேரம் அப்படியே போய்விடுகிறது. விடுமுறைக் காலத்தில் பகல் பார்வையாளர்களுக்கு நுழைவாயில்தோறும் எண்ணிக்கை வரம்பு உண்டு, முகாமில் அறை எடுத்தவர்களுக்கு அது இல்லை. நாங்கள் முதல் நாள் வரிசையில் நின்று உள்ளே போகும்போது மணி எட்டைத் தாண்டியிருந்தது. தொகைக்குள் அடங்கும் என்ற நுழைவுக் கட்டணத்தை ஒவ்வொரு நாளும் நானே கட்டினேன். வெளிநாட்டுப் பயணிகளான பெற்றோருக்கு அது உள்நாட்டவர் கட்டணத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. மாலையில் இருட்டுவதற்கு முன் வெளியேற வேண்டும் என்ற கவலையில், நீர்நிலைகளுக்கு விலங்குகள் வரும் நேரத்தில் நாங்கள் நுழைவாயிலை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் இரவு மழை பெய்து, தாழ்வான அந்தப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதால் வழியை அடைத்துவிட்டார்கள். மலலேன் நுழைவாயில் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே தங்கியிருந்தால் அந்தப் பாலம் எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முகவர் வைத்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். "கிரேட்டர் க்ரூகர்" என்பது உலகமே ஒப்புக்கொண்ட பெயர், மார்லோத் பார்க்கும் அதில் சேர்ந்ததுதான் என்றார். அந்தப் பெயர் உண்மையில் இருக்கிறது. பூங்காவின் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சாண்ட், டிம்பாவாட்டி போன்ற தனியார் காப்பகங்களுக்கும் பூங்காவுக்கும் இடையிலிருந்த வேலிகள் 1990களில் எடுக்கப்பட்டு, விலங்குகள் இரு பக்கமும் தடையின்றிப் போய்வருகின்றன. அந்தத் தொடர்ச்சியான காட்டைத்தான் அப்படி அழைக்கிறார்கள். வேலிக்கும் ஆற்றுக்கும் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு அது பொருந்தாது. பூங்கா ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பும், வடக்கு தெற்காக 350 கிலோமீட்டர் நீளமும் உடையது. "க்ரூகர் பகுதி" என்று எழுதினால் அதன் விளிம்பில் எங்கே வேண்டுமானாலும் உங்களைக் கொண்டுபோய் விடலாம்.

முகாம் அறைகளை முகவர் வழியாகப் பதிவு செய்வதில் தவறில்லை. முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பதிவானால் சான்பார்க்ஸின் முன்பதிவு எண்ணும், முகாமின் பெயர், அறை வகை, தேதிகள், தங்குபவரின் பெயர் ஆகியவை அடங்கிய உறுதிக் கடிதமும் கட்டாயம் இருக்கும். மீதித் தொகையை அனுப்புவதற்கு முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய மைய முன்பதிவு அலுவலகத்தை நீங்களே அழைத்துச் சரிபாருங்கள். நான் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். எண் தரத் தயங்குபவர், அல்லது அதை நுழைவாயிலில்தான் தருவார்கள் என்று சொல்பவர், உங்களுக்கு அறை எடுக்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

நானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் திரும்பப் பெற்றுத் தர முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வாங்குபவரைத் திசைதிருப்பும் விவரங்களைத் தருவதைத் தடை செய்கிறது. அதன் அடிப்படையில், வவுச்சர், வாட்ஸ்அப் உரையாடல், வீட்டுப் பதிவேட்டின் படம் ஆகியவற்றோடு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் ஜனவரியில் புகார் கொடுத்தேன். அதற்கு மறுவாரம், புகாரைத் திரும்பப் பெற்றால் அடுத்த பயணத்துக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தருவதாக முகவர் ஒரு செய்தி அனுப்பினார். அதையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.