"ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராஃபிக்ஸ்": இந்த மூன்றை மட்டும் கேட்டுக் கணினி வாங்காதீர்கள்

பிள்ளைக்குக் குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஏமாந்து ஐந்து மாதம் ஆகிறது. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். தணியவில்லை. ஏனென்றால் போனது என் பணம் மட்டும் அல்ல. பதினைந்து வயது மகள் இரண்டு வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த பணமும் அதில் போனது.

கடைக்குப் போகும்போது அவள் கையில் ஒரு தாள் இருந்தது. எந்த ப்ராசஸர் (கணினியின் மூளை), எந்த மதர்போர்டு (பாகங்களை இணைக்கும் பலகை), எத்தனை வாட் பவர் சப்ளை என்று ஒரு மாதமாகப் படித்து எழுதிய பட்டியல். ப்ராசஸருக்கு நேரே "ஐ3-12100எஃப்" என்று எழுதியிருந்தாள். கடைக்காரர் அதைப் பார்த்ததுமே தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். "ஐ3 வைத்துக்கொண்டு என்ன விளையாட முடியும் அக்கா? இதே காசுக்கு நான் ஐ7 தருகிறேன். 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. பிள்ளை கல்லூரி முடிக்கும்வரை ஓடும்" என்றார். மகள், "எந்தத் தலைமுறை ஐ7?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஐ7 என்றால் ஐ7 தான் அக்கா, அதற்கு மேல் என்ன இருக்கிறது" என்றார். நான் அவளிடம், "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். இந்த ஐந்து மாதத்தில் எனக்கு அதிகம் வலிப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அவள் கேட்டதுதான் அந்தக் கடையில் அன்று கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி.

ஐ7 என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, இன்டெல் நிறுவனத்தின் ப்ராசஸர் வரிசை ஒன்றின் பெயர். அதன் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஐ7-3770. மூன்றாம் தலைமுறை, 2012-ல் வெளிவந்தது. மகள் எழுதியிருந்த ஐ3-12100எஃப் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர் (வேலை செய்யும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் நடுவில் பத்து வருட முன்னேற்றம் இருக்கிறது, ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெயரில் 3-ஐவிட 7 பெரிது என்பதை வைத்தே அவர் அந்த வியாபாரத்தை முடித்துவிட்டார்.

இரண்டு நாளில் கணினி வீட்டுக்கு வந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண வண்ணமாக ஒளிரும் நான்கு விசிறிகள். மகளின் முகத்தைப் பார்த்து நான் நிறைந்துபோனேன். கடைக்காரர் இரண்டு கட்டளைகள் போட்டிருந்தார். கிராஃபிக்ஸ் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) எக்காரணம் கொண்டும் அப்டேட் செய்யக் கூடாது, கேபினெட்டின் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது. இரண்டும் எனக்குப் பொறுப்பான அறிவுரையாகத்தான் பட்டன. இப்போது சொல்கிறேன், இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் அந்தக் கணினியை வாங்காமல் வந்துவிடுங்கள்.

முதல் வாரமே பிரச்சினை தொடங்கியது. தோழிகள் எல்லோரும் ஆடும் வாலரண்ட் திறக்கவே மறுத்தது. விண்டோஸ் 11-ல் அதை ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கணினியில் இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. முறைப்படி பார்த்தால் இந்தக் கணினியில் விண்டோஸ் 11-ஐயே நிறுவ முடியாது. இன்டெல் ப்ராசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு ஆதரவு. சோதனையை ஏமாற்றி நிறுவி, அப்டேட்டையும் முடக்கி வைத்திருக்கிறார்கள். பழைய விண்டோஸ் 10-க்குப் போகலாம் என்றால், அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அந்த விளையாட்டில்தான் குறை அக்கா, வேறு விளையாடச் சொல்லுங்கள்" என்றார். வேறு விளையாட்டில், வல்கன் (விளையாட்டுகள் கார்டைப் பயன்படுத்த உதவும் மென்பொருள் இடைமுகம்) இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. இன்னொன்று திறந்தது, ஆனால் சற்றுப் பெரிய காட்சி வந்ததும் கணினி அணைந்து மறுபடி தொடங்கியது. ஒருநாள் மகள் துணிந்து டிரைவரை அப்டேட் செய்தாள். பொருத்தமான கிராஃபிக்ஸ் கார்டு எதுவும் இந்தக் கணினியில் இல்லை என்று செய்தி வந்தது. கண்ணாடிக்குள் பளபளவென்று கார்டு தெரிகிறது, கார்டின் சில்லைச் செய்யும் என்விடியா நிறுவனத்தின் நிறுவு நிரலோ அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. தான் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து அவள் அன்று இரவு அழுதாள். அவள் எதையும் கெடுக்கவில்லை.

மறுநாள் என் தம்பி வந்தான். அலுவலகக் கணினிகளைப் பராமரிப்பது அவன் வேலை. சிபியு-இசட், ஜிபியு-இசட் என்ற இரண்டு இலவச நிரல்களை ஓடவிட்டான். முதலாவது ப்ராசஸர், மதர்போர்டு, ரேம் ஆகியவற்றின் உண்மையான பெயரைச் சொல்லும். இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டைச் சொல்லும். எங்களுக்கு விற்றது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. ஜிபியு-இசட் அந்தப் பெயருக்கு முன்னாலேயே போலி என்று அடைப்புக்குறிக்குள் காட்டியது. 2018-லிருந்தே அந்த நிரல் போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்துச் சொல்கிறதாம். உண்மையான 1050 டிஐ-யில் 768 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) இருக்கும். இதில் இருந்தவை 192. உள்ளே இருந்த சில்லு 2010-ல் வெளிவந்த ஜிடிஎஸ் 450. அதன் பயாஸை (உள்ளேயே பதிந்த அடிப்படை நிரலை) மாற்றி எழுதி, புதுப் பெயர் சூட்டி, புது விசிறியும் மூடியும் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைமுறைச் சில்லுகளுக்கு வல்கன் ஆதரவே கிடையாது. புதிய டிரைவர்களில் அவற்றுக்கான ஆதரவையும் என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. டிரைவரைத் தொடாதே என்று ஏன் அத்தனை அழுத்திச் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது.

எந்த நிரலும் இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழியைத் தம்பி காட்டினான். கார்டின் பின்பக்கம் திருகு போட்டு மாட்டும் பழைய நீல நிற விஜிஏ துளை இருந்தது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சில்லுகளிலிருந்து அந்தப் பழைய அனலாக் வெளியீட்டை என்விடியா எடுத்துவிட்டது. ஆகவே 1050 டிஐ என்று சொல்லி விஜிஏ துளையோடு ஒரு கார்டைக் காட்டினால், அங்கேயே சந்தேகப்படுங்கள். இதைப் பார்க்கக் கணினியைத் திறக்கக்கூட வேண்டாம்.

பிறகு ஸ்டிக்கரைக் கிழித்துக் கேபினெட்டைத் திறந்தோம். 16 ஜிபி ரேம் பொய்யில்லை, உண்மையிலேயே 16 இருந்தது. ஆனால் டிடிஆர்3 என்ற பழைய வகை. நாளைக்கு நல்ல மதர்போர்டு வாங்கினால் அதில் பொருந்தாது. மதர்போர்டு எச்61 என்ற பழைய வகை. இரண்டே ரேம் துளைகள், அதிகபட்சமே 16 ஜிபி. வேகமான எம்.2 எஸ்எஸ்டி (சில்லில் சேமிக்கும் வட்டு) மாட்ட இடமே இல்லை. "புதிது" என்று சொன்ன ஹார்ட் டிஸ்க் 31,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பதாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரல் காட்டியது. இரவு பகலாக மூன்றரை வருட ஓட்டம் அது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது பவர் சப்ளை. எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் சொல்வார்களே, அதுதான். மேலே கொட்டை எழுத்தில் 500 வாட் என்று இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு 14 ஆம்பியர். ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். 12-ஐயும் 14-ஐயும் பெருக்குங்கள், 168 வாட். 500 என்று எழுதிய பெட்டியின் பயன்படும் வலிமை அவ்வளவுதான், அதுவும் அட்டவணை உண்மையாக இருந்தால். கையில் தூக்கினால் காலிப் பெட்டி போல இருந்தது. விளையாட்டின் நடுவே கணினி அணைந்ததற்கு இதுதான் காரணம் என்றான் தம்பி. இப்படிப்பட்டவை பழுதாகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்து எரித்துவிடக்கூடும் என்றும் சொன்னான். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளை இரவில் இதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் விளக்கைக் குறையுங்கள், கண்ணாடியைக் குறையுங்கள். பவர் சப்ளையில் மட்டும் குறைக்காதீர்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருள், 80 பிளஸ் என்ற மின்திறன் சான்று, 12 வோல்ட் வரியின் ஆம்பியர் மூன்றையும் நீங்களே பார்த்து வாங்குங்கள்.

கடைக்குத் திரும்பிப் போனோம். அவர் அசரவில்லை. "ஐ7 என்றேன், ஐ7 இருக்கிறதா இல்லையா? 16 என்றேன், 16 இருக்கிறதா இல்லையா?" என்று என்னிடமே கேட்டார். பில்லை எடுத்துப் பார்த்தேன். "கேமிங் பிசி, ஐ7/16/4" என்று ஒரே வரி. மாடல் எண் இல்லை, சீரியல் எண் இல்லை, பழைய பாகங்கள் என்ற குறிப்பும் இல்லை. அந்த வரியில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லை. எங்களைக் காப்பாற்றியது, முன்பணம் கட்டுவதற்கு முன் அவர் என் கைபேசிக்கு அனுப்பிய ஒரு செய்தி. அதில் "1050 டிஐ ஒரிஜினல்" என்று அவரே எழுதியிருந்தார். அதையும் ஜிபியு-இசட் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு, மூன்று முறை அலையவிட்டு, கார்டுக்கான பணத்தை மட்டும் கொடுத்தார். கார்டைத் திருப்பிக் கேட்டார். தர மறுத்துவிட்டேன். கொடுத்தால் அது அடுத்த பிள்ளையின் கணினிக்குள் போகும்.

பழைய பாகங்களை விற்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கையில் பணம் குறைவாக இருக்கும்போது செகண்ட் ஹேண்ட் கார்டு நல்ல வழிதான். பழையது என்று சொல்லி, பழையதற்கான விலையில் விற்கட்டும். புதுக் கேபினெட்டுக்குள் ஒளித்து வைத்து ஒரு குழந்தையின் சேமிப்பை வாங்குவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த முறை மகளின் பேச்சைக் கேட்டேன். மிஞ்சிய பணத்தில் தனியாக ஒரு கார்டு வாங்க முடியாது என்பதால், உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி ப்ராசஸரைத் தேர்ந்தெடுத்தாள். 2021-ல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் புது மதர்போர்டின் பயாஸில் இருக்கின்றன. கனமான புதிய விளையாட்டுகளை உயர்ந்த அமைப்பில் ஆட முடியாது. ஆனால் அவள் ஆட விரும்பியவை எல்லாம் நன்றாக ஓடுகின்றன. பின்னால் பணம் சேர்ந்ததும் கார்டை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உள் கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமையே பயன்படுத்துகிறது. ஆகவே 16 ஜிபி-யை ஒரே குச்சியாக வாங்காமல் 8, 8 என இரண்டாக வாங்கி, மதர்போர்டு கையேடு சொல்லும் துளைகளில் மாட்ட வேண்டும். ஒரே குச்சி போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது, விளையாட்டின் வேகம் கண்கூடாகக் குறையும்.

இரண்டாவது முறை வேறு கடை. ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனி வரியாக வேண்டும், எல்லாப் பெட்டிகளும் வேண்டும், பணம் கட்டும் முன் எங்கள் கண்ணெதிரே அந்த இரண்டு நிரல்களையும் ஓட்டிக் காட்டி, அரைமணி நேரம் ஒரு கனமான விளையாட்டையும் ஓடவிட வேண்டும் என்று முதலிலேயே சொன்னோம். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "இப்படிக் கேட்டு வாங்குவதுதான் எங்களுக்கும் நல்லது" என்றார். பாகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மகள் படிக்கப் படிக்க, அவர் பில்லில் எழுதிக்கொண்டே வந்தார்.

அந்தப் பழைய கடையின் விளம்பரம் நேற்றும் கண்ணில் பட்டது. அதே கண்ணாடிக் கேபினெட், அதே நான்கு விசிறிகள், "மாணவர்களுக்காக: ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராஃபிக்ஸ்" என்ற அதே வரி. ப்ராசஸரின் எண் எங்கும் இல்லை.