கூலி குறைந்த நாடும் கூலி மிகுந்த நாடும்: குன்னூரிலிருந்து ஓர் ஒப்பீடு

கூலி மலிவாக உள்ள நாட்டுக்கே தொழிற்சாலைகள் போய்ச்சேரும் என்ற பேச்சைக் குன்னூர்த் தேயிலைத் தொழிற்சாலை வாசல்களிலும் கேட்கலாம். அது பாதிதான் சரி.

வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதக் கூலி 2023 டிசம்பர் முதல் 12,500 டாக்கா. ஜெர்மனியில் 2024-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.41 யூரோ, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டால், அங்கே ஒரு நாளில் கிடைப்பது ஏறக்குறைய வங்கதேசத்தின் ஒரு மாதக் கூலி. ஆயினும் இரு நாடுகளிலும் உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஆலைத்தொழிலின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான்.

காரணம், முதலாளி பார்ப்பது ஆளுக்கான கூலியை அன்று, ஒரு பொருளுக்கு விழும் கூலியை. துவளும் துணியை இழுத்துத் தைக்க இன்னும் மனிதக் கை வேண்டும் என்பதால் தையல் வங்கதேசத்துக்கு நகர்ந்தது (திருப்பூர் அதை நன்கறியும்). துல்லிய இயந்திரங்களைச் செய்வது, கூலி பல மடங்கானாலும், தேர்ந்த தொழிலாளரும் உதிரிபாக ஆலைகளும் நெருங்கியிருக்கும் ஜெர்மனியில் நின்றது.

நம் மலையிலும் இதே கணக்குதான். கூலி உயர்ந்த ஜப்பானில் தேயிலையை இயந்திரம் வெட்டுகிறது. இங்கே சரிவில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல், முற்றிய இலையையும் காம்பையும் விட்டுவிடுகிறது. இயந்திரத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. ஆனால் கூலி ஏறும்போது, அந்த நயத்துக்கு ஏலத்தில் கூடுதல் விலை கிடைக்காவிட்டால், தோட்டக்காரர் கத்தரியைத்தான் எடுப்பார்.