ஏஜென்ட் அசலா போலியா என்று பார்க்க இ-மைக்ரேட்: எது உதவுகிறது, எங்கே ஓட்டை

சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். குடியேற்றச் சோதனைக்கு அங்கே இடமில்லை. ஏஜென்ட் மூலம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நம்மூர்ப் பையனின் பாஸ்போர்ட்டை முதலில் புரட்டிப் பார்க்கும் அதிகாரி பெங்களூரிலோ திருச்சியிலோ கொச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்திருக்கிறார். பையன் அவர் முன்னால் போய் நிற்பதற்குள் நகை அடகுக்குப் போய், பணம் கைமாறி, சொந்தக்காரர்கள் எல்லாம் வழியனுப்பி முடித்திருப்பார்கள். அந்த இடத்தில் யாரும் திரும்பி வரப் போவதில்லை. அதனால் சோதனை வீட்டில் நடக்க வேண்டும். அதற்கு நம் கையில் இருப்பது, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளம். 2024 அக்டோபரில் புதுப்பித்தார்கள். பார்க்கக் காசில்லை. முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்; அதே மாதிரி பெயர் வைத்த தனியார் தளங்களும் உண்டு.

தளத்தின் உருப்படியான பகுதி, பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல். ஏஜென்ட் கொடுக்கும் பதிவு எண் பெரும்பாலும் 'பி' என்ற எழுத்தில் தொடங்கி, சாய்கோடுகளோடு நீளமாக ஓடி, ஆண்டில் முடியும். அந்த எண்ணையோ நிறுவனத்தின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். பெயர் வந்துவிட்டது என்று மூடிவிடக் கூடாது. பதிவு 5 ஆண்டுக்குத்தான். காலாவதி ஆனதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். அடுத்து முகவரி. ஏமாறுகிறவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சேலம் ஐந்து ரோட்டில் போர்டு மாட்டியிருக்கும் ஆள் காட்டுவது மும்பைக் கம்பெனியின் பதிவு எண்ணாக இருக்கும். எண் அசல், கம்பெனியும் அசல், ஆனால் இவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஒரு கம்பெனி கிளை திறக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். 'சப்-ஏஜென்ட்' என்று ஒரு வகையைச் சட்டம் ஏற்பதே இல்லை. எனவே விசிட்டிங் கார்டில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, தளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, "சேலத்தில் உங்களுக்குக் கிளை இருக்கிறதா, இன்னார் உங்கள் ஆளா" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

கட்டண விஷயத்தில் தளம் சொல்வதை அப்படியே நம்பலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் ரூ.30,000, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.35,400. அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டு, அதையும் யாரோ ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையே இல்லை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இயங்குகிறது. அதன் அறிவிப்புகளில் வேலை குறைவு, காத்திருப்பு அதிகம். ஆனாலும் முதலில் அங்கே பார்ப்பது நல்லது.

இனி ஓட்டைக்கு வருவோம். இந்த அமைப்பின் அடித்தளம் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்று அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்டவர் சவூதி, குவைத், ஓமன், அமீரகம், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போனால், இந்தத் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். செவிலியர்களுக்கு மட்டும் பாஸ்போர்ட் எந்த வகையானாலும் இந்த 18 நாடுகளுக்கு அனுமதி வேண்டும். அனுமதியோடு போகிறவருக்கு ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடும் உண்டு; பிரீமியம் 2 ஆண்டுக்கு ரூ.275, 3 ஆண்டுக்கு ரூ.375. கொத்தனாருக்கும் டிரைவருக்கும் இது நல்ல வேலிதான்.

ஆனால் இப்போது ஆள் கடத்துகிறவர்களுக்குக் கொத்தனார் தேவையில்லை. இங்கிலீஷ் தெரிந்த, கம்ப்யூட்டரில் வேகமாகத் தட்டத் தெரிந்த பட்டதாரிதான் வேண்டும். அவர் பாஸ்போர்ட்டில் அந்த அச்சு இருக்காது. கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூன்றுமே 18 நாடுகள் பட்டியலில் இல்லை. தாய்லாந்து இருக்கிறது, ஆனால் பையன் அங்கே சுற்றுலாப் பயணியாகத்தான் இறங்குகிறான். ஆக, ஆட்களை அடைத்துவைத்து இணையத்தில் மற்றவர்களை ஏமாற்ற வைக்கும் ஆன்லைன் மோசடி முகாம்களுக்குப் போகும் வழி முழுவதும் இ-மைக்ரேட்டின் கண்ணில் படாமலே முடிந்துவிடுகிறது. 2025 மார்ச் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட் நகரிலிருந்து 549 இந்தியர்களை மீட்டுக்கொண்டு வந்தன. மே சோட்டையும், இந்த முகாம்கள் இருக்கும் மியான்மரின் மியாவடியையும் பிரிப்பது மொய் ஆறு ஒன்றுதான்.

தளம் காட்டாததை நாமே பார்க்க வேண்டியதுதான். வேலையின் பெயர் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' அல்லது 'கஸ்டமர் சப்போர்ட்' என்று இருக்கும். சுலபமான ஒரு இன்டர்வியூ, ஒரு டைப்பிங் டெஸ்ட், கொழுத்த சம்பளம், ஹோட்டல் புக்கிங், போக வர டிக்கெட். இந்த வரிசையை நம் தூதரகங்களே எச்சரிக்கையாக வெளியிட்டிருக்கின்றன. கம்பெனி பாங்காக்கில் என்றால், இறங்கியதும் எங்கே கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். பாங்காக்கிலிருந்து மே சோட் சாலை வழியாகச் சுமார் 500 கி.மீ. 'ஏர்போர்ட்டிலிருந்து ஏழெட்டு மணி நேரம் காரில்' என்று பதில் வந்தால் அது பாங்காக் வேலை அல்ல. வேலை செய்யப் போகிறவருக்குத் தாய்லாந்தில் தனி வகை விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். 'இப்போதைக்கு டூரிஸ்ட்டாகப் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சு எந்த நாட்டுக்கானாலும் பொறிதான். வளைகுடாவுக்கு விசிட் விசாவில் அனுப்புகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இமிகிரேஷன் கவுன்டரில் என்ன பொய் சொல்ல வேண்டும் என்று பாடம் எடுக்கிற ஏஜென்ட் இருக்கிறாரே, அவரிடம் பதிவு எண் கேட்கக்கூட வேண்டாம்.

குறைகள் இன்னும் உண்டு. தளத்தின் மொழி பத்தாவது தாண்டாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி இல்லை, யாருக்காகச் சட்டம் எழுதினார்களோ அவருக்கே! அதை ஈடுகட்டுவது 1800 11 3090 என்ற கட்டணமில்லா உதவி எண், தமிழிலும் பேசலாம். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நெட் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு தளத்தைவிட இந்த எண்ணே உதவும். அயலகத் தமிழர் நலத் துறையின் 1800 309 3793-ம் போனில் இருக்கட்டும். ஏற்கெனவே அங்கே போய் மாட்டிக்கொண்டவருக்கு இ-மைக்ரேட்டால் பெரிய பலன் இல்லை. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' என்ற புகார் தளத்தில் தூதரகத்துக்குப் புகார் பதிய வேண்டும்.

தண்டனை விவரம் தெரிந்தால் ஏஜென்ட்கள் ஏன் பயப்படுவதில்லை என்பது புரிந்துவிடும். பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் 1983 சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம் ரூ.2,000 வரை. எழுத்துப் பிழை இல்லை, இரண்டாயிரம்தான். அதனால் புகார் எழுதும்போது கவனம் வேண்டும். 'பணம் வாங்கி ஏமாற்றினார்' என்று மட்டும் எழுதினால் அது மோசடி வழக்காக நின்றுவிடும். ஆசை காட்டி அனுப்பியது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது, மிரட்டி வேலை வாங்கியது எல்லாம் தேதியோடு இருந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) ஆள் கடத்தலுக்கான 143-ம் பிரிவு பேச்சுக்கே வரும். அதில் குறைந்தது 7 ஆண்டு.

ஏஜென்ட்டைச் சரிபார்க்க என்றால் இந்தத் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஆள் கடத்தலைத் தடுக்கும் வேலி என்றால் ஒன்றரைக்கு மேல் தாண்டாது. புகார் கொடுக்க மாநகருக்குள் கமிஷனர் அலுவலகம். ஏற்காடு உள்பட வெளியே எஸ்.பி. அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் அது சுற்றி இங்கேதான் வரும். போகும்போது வாட்ஸ்அப் பேச்சு, வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது, டிக்கெட், விசா நகல் எல்லாவற்றையும் இன்னொரு போனிலும் ஏற்றிக்கொண்டு போங்கள். முகாமில் முதல் நாளே பிடுங்கிக்கொள்வது பாஸ்போர்ட்டையும் போனையும்தான்.