ஹட்டனில் ஹார்ட் டிஸ்க் வாங்கிய இரண்டு நாள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்து டிக்கோயா வீட்டில் கால் வைத்த அன்று இரவே அந்தச் சத்தம் கேட்டது. டிக்… டிக்… பிறகு ஒரு சின்ன முனகல், திரும்பவும் டிக். அப்பாவின் கம்ப்யூட்டர். "ஒரு மாசமா இப்படித்தான் தம்பி, நிறுத்தி நிறுத்திப் போட்டா சரியாயிடும்" என்றார். பட்டனை அழுத்திவிட்டுப் போய் அக்கா தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்து வந்தும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்பா தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம்), இடித்துவிட்ட லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று முப்பது வருடப் படங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். அதைவிட முக்கியம், குடும்பக் காகிதங்கள். ஆத்தாவின் குடியுரிமைப் பத்திரம், பெரியப்பாவைச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பியபோது வந்த கடிதங்கள், பிறப்புப் பதிவுகள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் காத்துக் கிடந்த மலையகத் தமிழ் மக்கள் நாங்கள். ஒரு காகிதம் இருந்தால் ஒரு வாழ்க்கை, இல்லாவிட்டால் வேறொரு வாழ்க்கை. அதனால் எங்களுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குவது என்பது எத்தனை ஜிபி, என்ன விலை என்று பார்க்கிற காரியம் மட்டும் இல்லை.

டொரொண்டோவிலிருந்து வரும்போதே அப்பாவுக்கு என்று ஒரு புது டிரைவ் வாங்கி வந்திருந்தேன். எம்.2 வகை, விரல் நீளத் தகடு, மிக வேகமானது. மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்தப் பழைய மதர்போர்டில் அதைச் செருக இடமே இல்லை. சாட்டா என்ற பழைய வகைக் கேபிள் மாட்டுகிற இடம் மட்டும் நாலு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறவர்கள் முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் பெட்டியின் பக்கத்தைக் கழற்றி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எம்.2 இடம் இருக்கிறதா, சாட்டா மட்டும்தானா என்று அதில் தெரிந்துவிடும். அது தெரியாமல் வாங்கியது என் பிழை.

அன்று 2025 ஏப்ரல் 10, வியாழக்கிழமை. சனி போயா (பௌர்ணமி விடுமுறை), அதை ஒட்டியே சித்திரை வருடப் பிறப்பு. வெள்ளி மாலை கடைகள் அடைத்தால் அடுத்த வாரம் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. கொழும்பாக இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரே கட்டடத்துக்குள் பத்துக் கடை ஏறி இறங்கலாம். இங்கே ஹட்டன் டவுன்தான். புதுத் துணி வாங்க வந்த கூட்டத்துக்குள் டிஸ்க்கை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினோம்.

முதல் கடையில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காதருகே வைத்துக் கேட்டார், "செத்துப் போச்சு, புதுசு போட்டுத் தாறேன்" என்றார். உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அவர் நீட்டிய 2 டிபி டிஸ்க் வெறும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, சீல் கிடையாது. விலை நல்ல குறைவு. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஆணி ஏறுகிற துளைகளைச் சுற்றி வெள்ளிநிறத்தில் தேய்ந்த வளையம். கேபிள் செருகும் இடத்துத் தங்க நிறப் பற்களில் கீறல். யாருமே மாட்டாத டிஸ்க்கில் இந்த இரண்டும் இருக்காது. "அண்ணே, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டுக் காட்டுங்க" என்றேன். டிஸ்க்கின் உடல்நிலையையும் ஓடிய நேரத்தையும் காட்டுகிற மென்பொருள் அது. கொஞ்சம் தயங்கிவிட்டு மாட்டினார். ஓடிய நேரம் 31,000 மணிக்கு மேல். மூன்றரை வருடம் இரவு பகலாக நிற்காமல் ஓடிய கணக்கு அது. லேபிள் ஊதா நிறம், அதாவது கண்காணிப்புக் கேமராப் பெட்டியில் கிடந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வகை டிஸ்க் கெட்டது என்று சொல்லவில்லை. கேமராப் படம் தடைபடாமல் எழுதிக்கொண்டே போவதற்காகச் செய்தது, அந்த வேலைக்கு நல்லதுதான். மூன்றரை வருடம் உழைத்ததைப் புதிது என்று சொல்லி ஓய்வூதியக்காரர் ஒருவரிடம் விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா தனியாகப் போயிருந்தால் வாங்கியிருப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மணிக்கணக்கை அழித்துப் பூச்சியமாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் திரையில் பூச்சியம் தெரிந்தாலும் லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியையும் ஆணித் துளைகளையும் கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது கடை மாடியில், சின்ன அறை. இருபத்தைந்து வயது இருக்கும் தம்பி. துவாயைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, உள்ள இருக்கிறதுக்கு வேற கொப்பி இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப இதை இனிமே ஓட விடாதீங்க. முதல்ல வெளிய எடுப்போம், என்ன வாங்குறதுன்னு அப்புறம் பேசலாம்." எனக்கு அந்த இடத்திலேயே மனப்பாரம் இறங்கிவிட்டது.

அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விண்டோஸில் மாட்டவே இல்லை. விண்டோஸ் தன்பாட்டுக்கு எதையாவது திருத்தப் போய், தேய்ந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப முட்டும், அதில் மிச்சமும் போய்விடும் என்றார். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஏற்றி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். அது முதல் சுற்றில் நல்ல இடங்களையெல்லாம் அள்ளிவிடுகிறது. படிக்க முடியாத இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. கடைசியில்தான் திரும்பி வந்து, தாண்டிய இடங்களைத் துண்டு துண்டாக முயன்று பார்க்கிறது. நடுவில் கரண்ட் போனாலும் குறித்து வைத்த இடத்திலிருந்து தொடரும். ஏப்ரல் மாத மத்தியான இடிமழைக்கு எங்கள் பக்கத்தில் கரண்ட் போகாத நாள் குறைவு. அன்றும் போனது, யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது. அப்பா நாற்காலி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

எதை வாங்குவது என்ற பேச்சு அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான். நான் ஒரு பெரிய டிஸ்க் என்று நினைத்திருந்தேன். தம்பி இரண்டு சின்னது என்றார். கம்ப்யூட்டருக்குள் 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிரைவ்) ஒன்று. வெளியே யூஎஸ்பியில் மாட்டுகிற 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, கொப்பி எடுக்க மட்டும். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. அப்பாவின் முழுச் சேமிப்பும் 300 ஜிபியைத் தாண்டவில்லை. எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும், ஒன்றே ஒன்று என்றால் விழும்போது எல்லாம் சேர்ந்து விழும்.

பழைய போர்டில் எஸ்எஸ்டி வேகம் எடுக்குமா என்று சந்தேகம் கேட்டேன். முழு வேகம் வராது. அந்தப் போர்டின் சாட்டா பழைய 3 ஜிபிட் வகை, 550 எம்பி வேகம் என்று பெட்டியில் போட்டிருப்பதில் பாதிதான் கிடைக்கும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒவ்வொரு கோப்புக்கும் நகர்ந்து இடம் தேட 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது, எஸ்எஸ்டியில் தேடுகிற வேலையே இல்லை. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத்தான் படிக்கிறது, வித்தியாசம் அங்கேதான். டிஎல்சி, கியூஎல்சி என்று இரண்டு வகை காட்டினார். டிஎல்சியில் ஒரு அறைக்குள் மூன்று பிட். கியூஎல்சியில் ஒரே அறைக்குள் நாலு பிட் திணிப்பதால் விலை குறைவு, எழுதித் தாங்கும் அளவும் குறைவு. டிஎல்சியே எடுத்தோம், 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வந்தது.

கொப்பிக்கும் எஸ்எஸ்டியே வாங்கலாமே என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. எஸ்எஸ்டியில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது. கரண்ட் கொடுக்காமல் நீண்ட காலம் பெட்டியில் போட்டு வைத்தால் அது கசிந்து போகலாம். எடுத்து, எழுதி, திரும்ப உள்ளே வைக்கிற வேலைக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், விலையும் குறைவு. தவறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனிக்குளிரிலிருந்து எடுத்த உடனே மாட்டாமல் கொஞ்ச நேரம் வெளியே வைக்கவும் சொன்னார், ஈரம் படிந்திருக்கும். மலை உயரம் அதுக்கு ஒத்துக்குமா என்று அக்கா கேட்டாள். சாதாரணமாக 3,000 மீட்டர் வரை ஓடுவதற்கென்றே செய்கிறார்கள். நுவரெலியாவே 1,900க்குள்தான்.

வெள்ளி காலை போனோம். ராத்திரி முழுக்க ஓடி முடிந்திருந்தது. 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ் கணக்கில் 465. படிக்க முடியாமல் போனது சில எம்பி மட்டும். எட்டுப் படம் பாதியில் சாம்பல் நிறமாக நின்றுவிட்டது, காகிதங்கள் எல்லாம் இருந்தன. ஆத்தாவின் பத்திரத்தைத் திறந்து, இடது ஓரத்துப் பெருவிரல் ரேகை வரை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா எழுந்தார்.

எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே போட்டார், பழையதை அப்படியே தூக்கிப் போடவில்லை. சேதமான இடத்தில் சிஸ்டம் கோப்பு ஏதாவது இருந்திருக்கலாம் என்பதால். விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நிற்கிறது, இந்த மெஷின் 11 ஏற்காது, அடுத்த தரம் வரும்போது அதையும் யோசிங்க என்று கேட்காமலே சொன்னார். பில்லில் இரண்டு டிரைவின் தொடர் எண்ணையும் கையால் எழுதினார். அது இல்லாத பில்லை வாங்காதீர்கள், வாரண்டி கேட்டுப் போகும்போது அதுதான் பேசும். பில்லின் அடியில் எரிந்த தடம், மின்னல், உடைவு இவற்றுக்கு வாரண்டி இல்லை என்று அச்சடித்திருந்தது. எங்கள் பகுதிக்கு மின்னல்தான் முதல் எதிரி, ஆகவே அங்கேயே ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் எடுத்தோம். மழை கட்டினால் பிளக்கையே கழற்றிவிட வேண்டும் என்று அக்காவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

மீட்டுத் தந்ததற்கு அவர் கேட்ட கூலி மிகவும் குறைவு. கூட வைத்தேன், மறுத்தார். கடைசியில் "வருஷப் பிறப்புக் கைவிசேஷம்" என்று அப்பா கொடுத்த பிறகுதான் வாங்கினார்.

இப்போது பட்டனை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் திரை வந்துவிடுகிறது, அந்தச் சத்தமும் இல்லை. வெளி டிஸ்க்கை எங்கே வைப்பது என்று அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஆத்தாவின் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். அசல் காகிதங்கள் எப்போதும் அதில்தான் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் டிஸ்க்கைப் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை அதோடு வைத்து மூடினார். டப்பாவின் மேல் தேதி எழுதினார். மாதத்தின் முதல் ஞாயிறு அதை எடுத்துக் கொப்பி பண்ணும் பொறுப்பு உயர்தரம் படிக்கிற அக்கா மகளுக்கு. மே முதல் ஞாயிறு இரவு எனக்குப் படம் அனுப்பினாள். டப்பாவில் அப்பாவின் தேதிக்குக் கீழே அவளுடைய கையெழுத்தில் இரண்டாவது தேதி இருந்தது.