நோய் அறிக்கையில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும்: எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

அறிவிக்கப்பட வேண்டிய தொற்று ஒருவருக்கு உறுதியானதும் அவருடைய வயதும் முகவரியும் சுகாதாரத் துறையைச் சென்றடைகின்றன. அவருக்கு எப்பாலினர்மீது ஈர்ப்பு என்ற பாலீர்ப்பும், தம்மை எப்பாலினராக உணர்கிறார் என்ற பாலின அடையாளமும் பெரும்பாலும் சென்றடைவதில்லை. இவ்விவரங்களையும் தொற்றுநோய் அறிக்கையில் சேர்க்க கலிபோர்னியா 2020இல் சட்டம் இயற்றியது. ஆனால் படிவத்தில் கட்டம் இருப்பதாலேயே அது நிரம்பிவிடாது. யார் கேட்டு நிரப்புவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

ஆய்வக அறிக்கை எல்லாவற்றிலும் வேகமானது. எனினும் ஆய்வகம் பார்ப்பது மாதிரியை, நோயாளியை அல்ல. பரிசோதனைச் சீட்டில் மருத்துவமனை எழுதாத எதையும் அதனால் தெரிவிக்க இயலாது.

நோயாளி யாரோடெல்லாம் தொடர்பில் இருந்தார் என்று கண்டறியும் நோய்த்தொடர்பு விசாரணையாளர் தொலைபேசியில் கேட்பது இரண்டாவது வழி. விரிவாகப் பேச இதில் இடமுண்டு. ஆனால் அறிமுகமற்ற குரலுக்கு, வீட்டார் அருகிலிருக்கும்போது, யாரும் மனம்திறந்து பதில் சொல்வது அரிது. மேலும், கோவிட் அலைகளில் கண்டதுபோல, நோயாளிகள் பெருகும்போது முதலில் கைவிடப்படுவதும் இந்த விசாரணையே.

மருத்துவமனைப் பதிவின்போது நோயாளியே படிவத்தில் நிரப்புவதுதான் என் பார்வையில் மேலானது. நோயாளிகள் சினம் கொள்வார்கள் என்ற அச்சமே இதற்குத் தடையாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், பாலீர்ப்பைக் கேட்டால் நோயாளிகள் சொல்ல மறுப்பார்கள் என்று மருத்துவப் பணியாளர்களில் சுமார் 78 விழுக்காட்டினர் கருதினர். மறுப்போம் என்ற நோயாளிகளோ சுமார் 10 விழுக்காட்டினர்தான். கூச்சம் யார் பக்கம் இருந்தது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கேள்வியின் அமைப்பிலும் தேர்வு உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பிறப்பில் பதிவான பாலினமும் இன்றைய அடையாளமும் ஒன்றா என்று ஒரே கேள்வியில் கேட்டது. ஆங்கிலம் சரளமாக அறியாத சிலர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற ஐயம் பின்னர் எழுந்தது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும் இருபடி முறையில் இக்குழப்பம் குறைவு. திருநங்கையரும் திருநம்பியரும் வெறும் ஆண், பெண் எண்ணிக்கைக்குள் மறைந்துபோவதும் இல்லை.

அடையாளத்தை விட்டுவிட்டு நடத்தையை மட்டும் கேட்டால் போதாதா என்றால், அது நோக்கத்தைப் பொறுத்தது. 2022 குரங்கம்மைப் பரவலில், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் எல்லாரும் தம்மைத் தன்பாலீர்ப்பினர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதால், பரவும் பாதையை அறிய நடத்தைக் கேள்வியே உதவியது. சிகிச்சை யாருக்குத் தாமதமாகிறது, தடுப்பூசி யாருக்குக் கிட்டவில்லை என்பவற்றை அறிய அடையாளம் வேண்டும்.

எந்த வழியானாலும் "சொல்ல விரும்பவில்லை" என்ற தெரிவு கட்டாயம் இருக்க வேண்டும். நோயாளிகள் ஒரு சிலரே உள்ள சிற்றூர்களில், ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால், நோயாளிகளின் எண்ணிக்கையை ஊர்வாரியாகத் தனித்து வெளியிடலாகாது. தன்பாலுறவு குற்றமாகக் கருதப்படும் நாடுகளில் இந்த ஒப்பீடே மாறிவிடும்: அங்கே பெயரோடு இணைந்த அறிக்கையில் இக்கேள்வியைச் சேர்க்காமல், பெயரில்லா ஆய்வுகளை மட்டும் நம்புவதே நோயாளிக்குப் பாதுகாப்பு.