கிலி தீவில் குதிரை சவாரிக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆகஸ்ட்டில் இந்தோனேசியாவின் கிலி ட்ராவாங்கன் தீவில் கடற்கரைக் குதிரை சவாரிக்குப் பணம் கட்டி ஏமாந்தோம். பணம் போனது ஒரு பக்கம். என் 13 வயது மகள் குதிரையோடு சேர்ந்து தண்ணீரில் சாய்ந்தாள். கணுக்காலில் பவளக்கல் கிழித்த காயத்தோடுதான் ஊர் திரும்பினாள். அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான். இன்னும் இரண்டடி ஆழம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. பாலிக்குப் போகிற நம்மூர்க் குடும்பங்கள் பலரும் அப்படியே கிலிக்கும் ஒரு நடை போய்வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாலிக்குக் கிழக்கே உள்ள லோம்போக் தீவின் வடமேற்குக் கரையை ஒட்டி மூன்று குட்டித் தீவுகள் இருக்கின்றன: ட்ராவாங்கன், மேனோ, ஆயிர். அங்குள்ள சாசாக் மக்களின் மொழியில் கிலி என்றாலே சிறு தீவு. பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதி இல்லாததால் சைக்கிளும் சிடோமோ என்கிற குதிரை வண்டியும்தான் அங்கே பெரிய போக்குவரத்து. பாலியின் பாடாங் பாய் துறையிலிருந்து வேகப்படகில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கிழக்கே ரிஞ்சானி எரிமலை நிற்கும். மேற்குக் கரையில் நின்றால் பாலியின் ஆகுங் மலைப் பக்கமாகச் சூரியன் இறங்கும். உண்மையிலேயே அழகான இடம். மாலை நேரக் குதிரை சவாரி எல்லாம் அந்த மேற்குக் கரையில்தான்.

மகள் கோவையில் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். தீவுக்குப் போகிறோம் என்றதும் அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். இணையத்தில் தேடினேன். உயரமான பழுப்புக் குதிரைகள், ஹெல்மெட் போட்டுச் சவாரி செய்பவர்கள், ஆளே இல்லாத வெள்ளை மணல் என்று அருமையான படங்களோடு ஒரு பக்கம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் கேட்டேன், ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு மணி நேரம், ஆளுக்கு ஒரு வழிகாட்டி, ஹெல்மெட், காப்பீடு, கடலுக்குள் குதிரையோடு இறங்குவது, படங்கள் இலவசம், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 7 லட்சம் ருப்பியா. எங்கள் இருவருக்கும் 14 லட்சம், நம் பணத்தில் ஏழாயிரத்துச் சொச்சம். பாதியை முன்பணமாக அட்டை வழியே கட்டச் சொல்லி ஒரு இணைப்பு அனுப்பினார்கள். கட்டினேன்.

லாயம் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. "ஹோட்டல் வாசலுக்கே குதிரை வந்துவிடும்" என்றார்கள், அதை வசதி என்று எடுத்துக்கொண்டேன். சொந்தமாகக் குதிரை வளர்த்து முறையாகச் சவாரி விடுகிறவர்கள் முதலில் உங்களை லாயத்துக்குத்தான் வரச் சொல்வார்கள். உங்கள் எடையைக் கேட்பார்கள், முன்பு ஏறியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள். என்னிடம் எதையும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு என்று சொன்னது நாலே முக்கால் ஆனது. ஒரு ஆள் சைக்கிளில் வந்து மீதி 7 லட்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். கொடுத்த ரசீதில் கடையின் பெயரே இல்லை. அப்புறம் "காப்பீட்டுக்கு" என்று சொல்லி என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். ஒரு நகல் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் அசலையே கொடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு வந்தான். வழிகாட்டி அவன் ஒருவன்தான். ஹெல்மெட் எங்கே என்று கேட்டதற்கு அந்த ஆள் "ஹாபிஸ், ஹாபிஸ்" என்று கையை விரித்தார். தீர்ந்துவிட்டதாம்.

படத்தில் பார்த்த குதிரைகள் இவை இல்லை. நம் தோளுயரம்கூட வராத மட்டக் குதிரைகள். இந்தோனேசியத் தீவுகளின் குதிரை இனங்கள் பெரும்பாலும் அப்படித்தான், அது அவற்றின் குறை அல்ல. ஆனால் எடைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பதைக் குதிரை வளர்க்கிற பலர் கடைப்பிடிக்கிறார்கள். 250 கிலோ குதிரை என்றால் 50 கிலோ. நான் 74 கிலோ. என்னை அந்தக் குதிரைமேல் ஏற்றவே கூடாது.

மகள் குதிரையைச் சுற்றி வந்து பார்த்தாள். "அம்மா, இது வண்டிக் குதிரைம்மா. மார்புல பாரு, பட்டை தேய்ச்ச தழும்பு" என்றாள். வயிற்றுப் பட்டை கட்டும் இடத்தில், முன்னங்காலுக்குப் பின்னால், அவள் கை வைத்ததுமே குதிரை காதைப் பின்னுக்கு மடித்துக் கழுத்தைத் திருப்பிக் கடிக்க வந்தது. அந்த இடத்தில் முடி உதிர்ந்து தோல் சிவந்து கிடந்தது. அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, "சாகிட்" என்றான். வலிக்கிறது என்று அர்த்தம்.

அப்போதே ஏறாமல் திரும்பி நடந்திருக்க வேண்டும். நான் சொன்னது இது: "காசு கட்டியாச்சு கண்ணு, மெதுவாத்தானே போகப்போறோம், ஏறு." அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் சொன்னதையும் நான் கேட்கவில்லை. இந்தப் பதிவில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான்.

தங்கும் விடுதிகளுக்குப் பின்னால் உள்ள மண்பாதையில் கால் மணி நேரம், பிறகு மேற்குக் கரை. கடல் வற்றியிருந்த நேரம். அந்தக் கரையில் நீர் இறங்கினால் உடைந்த பவளத் துண்டுகள் பரப்பிவைத்தது போல வெளியே தெரியும். நாம் செருப்பில்லாமல் நடக்க முடியாது. அதன்மேல்தான் குதிரைகளை நடத்தினார்கள். பையன் என் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். மகள் பின்னால் தனியாக வந்தாள்.

சைக்கிள் ஆள் அங்கே முன்னதாகவே வந்து காத்திருந்தார். படம் எடுக்க வேண்டும், தண்ணீருக்குள் போங்கள் என்று கையைக் காட்டினார். மகளின் குதிரை தண்ணீருக்குள் போனதும் நின்றுவிட்டது. முன்னங்காலால் தண்ணீரை அடித்து அடித்துத் தெறிக்கவிட்டது. விளையாடுகிறது என்று நினைத்து நான் சிரித்தேன். பையன் மட்டும் "ஜாலான்! ஜாலான்!" என்று கத்தினான், நட என்று. அதற்குள் குதிரை முன்னங்காலை மடித்து அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டது.

கடலில் குதிரை சவாரி செய்ய நினைக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரை தண்ணீரிலோ மணலிலோ நின்று முன்னங்காலால் தோண்டவோ அடிக்கவோ தொடங்கினால் பெரும்பாலும் அது படுத்துப் புரளப்போகிறது. நாளெல்லாம் வேலை செய்து, சேணத்துக்கடியில் வியர்வையும் புண்ணும் அரிக்கிற குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைத்தால் வேறென்ன செய்யும்? முதல் அடியிலேயே கடிவாளத்தை உயர்த்தித் தலையைத் தாழ விடாமல், குதிகாலால் தட்டி முன்னே ஓட்டிக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மகளுக்கு இதை வகுப்பில் சொல்லித் தந்ததில்லை, ஏனென்றால் அவள் தண்ணீரில் ஏறியதே இல்லை. கூடவே ஒரு வழிகாட்டி இருப்பார் என்பதற்குத்தானே அவ்வளவு பணம் வாங்கினார்கள்?

அவள் போட்டிருந்தது சாதாரணச் செருப்பு. கால் அங்கவடிக்குள், அதாவது சேணத்தில் தொங்குகிற கால்மிதி வளையத்துக்குள், கணுக்கால் வரை நுழைந்து மாட்டிக்கொண்டது. குதிரை அந்த நிலையில் எழுந்து ஓடியிருந்தால் அவளையும் இழுத்துக்கொண்டே ஓடியிருக்கும். பையன் என் குதிரையை விட்டுவிட்டு ஓடிப்போய், படுத்திருந்த குதிரையின் தலையைப் பிடித்து எழவிடாமல் அமுக்கிக்கொண்டு, மறுகையால் அவள் காலை இழுத்தான். செருப்பு வார் அறுந்து கால் வெளியே வந்தது. அந்தப் பையனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சவாரி தொடங்கி முப்பத்தைந்து நிமிடம்கூட ஆகவில்லை. காலில் ரத்தம் ஓடுகிறது, அந்த ஆள் வந்து சேணத்தைக் காட்டுகிறார். உப்புத் தண்ணீரில் ஊறித் தோல் கெட்டுவிட்டதாம், 20 லட்சம் ருப்பியா கொடுத்தால்தான் பாஸ்போர்ட் என்றார். தண்ணீருக்குள் போகச் சொன்னதே அவர்தான் என்றேன், காதில் வாங்கவில்லை. காப்பீடு எங்கே என்று கேட்டேன், அப்படி எதுவும் இல்லை என்றார்.

எங்களைக் காப்பாற்றியது தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் அம்மா. அங்கே மரியாதையாக இபு என்று கூப்பிடுவார்கள். மகளின் காலை நல்ல தண்ணீரில் கழுவி, கல் துணுக்குகளை எடுத்து, கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, அவர் நேரே அந்த ஆளைத் தேடிக் கிளம்பிப் போனார். கெபாலா டூசுன் என்கிற ஊர்த் தலைவரையும் போலீசையும் கூப்பிடுவேன் என்று சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது. ஒரு ருப்பியாவும் கொடுக்கவில்லை. ஆனால் கட்டிய 14 லட்சத்தில் ஒரு ருப்பியாவும் திரும்பி வரவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் இந்தோனேசியாவில் போலீஸ் எண் 110. பாஸ்போர்ட்டே போய்விட்டால் பாலியில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்த இரண்டும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பவளக்கல் வெட்டிய காயம் லேசில் ஆறாது. மகளுக்கு ஊருக்கு வந்தும் மூன்று வாரம் ஆனது. கிளினிக் செலவைப் பயணக் காப்பீட்டில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். குதிரை சவாரி சாகச விளையாட்டுப் பட்டியலில் வருகிறதாம், அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டுமாம், கட்டியிருந்தாலும் ஹெல்மெட் இல்லாததால் கிடைத்திருக்காதாம். பாலிசித் தாளை எடுத்துப் படித்தேன், அப்படித்தான் எழுதியிருந்தது. கிளம்புமுன் உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

மறுநாள் காலை அந்தப் பையன் விடுதிக்கு வந்து, மகளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். இபு மொழிபெயர்த்துச் சொன்னார். எங்களிடம் பணம் வாங்கிய ஆளுக்குக் குதிரையே கிடையாது. படங்களை வைத்து முன்பணம் வாங்கிவிட்டு, அன்றன்றைக்குக் கிடைக்கிற வண்டிக்காரரிடம் குதிரையைப் பேசிக்கொள்வார். எங்கள் 14 லட்சத்தில் குதிரைக்காரருக்குப் போனது ஒன்றரை லட்சம். இரண்டு குதிரைகளும் அன்று காலையிலிருந்து படகுத்துறையில் பெட்டி படுக்கை இழுத்தவை. வெயில் நாளில் ஒரு குதிரைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஆறில்லாத அந்தக் குட்டித் தீவில் நல்ல தண்ணீர் அரிது. அந்தக் குதிரை கடலில் படுத்ததில் அதன் தப்பு என்ன இருக்கிறது? 2018 ஆகஸ்ட் 5 நிலநடுக்கம், பிறகு கொரோனா என்று அடி மேல் அடி வாங்கிய ஊர் அது. வண்டிக்காரர்கள் வருகிற ஒன்றரை லட்சத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. என் கோபமெல்லாம் நடுவில் நின்று இருபக்கமும் சுரண்டுகிறவர் மேல்தான்.

அங்கே போய்க் குதிரை ஏறத்தான் வேண்டும் என்றால் ஊரிலிருந்தே முன்பணம் அனுப்பாதீர்கள். தீவில் இறங்கியபின் பகலில் லாயத்துக்கு நடந்து போங்கள். நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறதா, குதிரைகள் சேணமில்லாமல் ஓய்வாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் ஏறப்போகிற குதிரையின் முதுகு, மார்பு, முன்னங்காலுக்குப் பின்பக்கம், இந்த மூன்று இடத்திலும் முடி உதிர்ந்து புண் இருந்தால் திரும்பிவிடுங்கள். உங்கள் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். சிறு குதிகால் உள்ள மூடிய ஷூ ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், செருப்போடு ஏறவே வேண்டாம். பிள்ளைகள் ஏறினால் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். மெரினாவில் கயிற்றைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவார்களே, அது கூட அங்கே எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஊருக்கு வந்து நான்கு முறை பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். மூன்றாவது முறைக்குப் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். அட்டை கொடுத்த வங்கியில் முன்பணத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன், பெயரில்லாத அந்த ரசீதையும் சேர்த்து. பக்கம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, படங்கள் அதே படங்கள். முதல் படத்தில் ஒரு உயரமான பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு நிற்கும். அதைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள். அப்படி ஒரு குதிரை அந்தத் தீவில் கிடையாது என்று இபு எங்களிடம் சொன்னார்.